இறங்கிக் காட்டுங்கள்

ஸ்டால்மாட்டன் என்ற மலையூரின் சுற்றுலா அலுவலகத்துக்கு வந்து, எங்களுக்கு ஏற்ற நடையாக ஒன்று சொல்லுங்கள் என்று கேட்பவர்களை, அங்கே வேலை பார்க்கும் லுட்வினா முதலில் வாசற்படியில் இறங்கிக் காட்டச் சொல்வாள். வந்தவர்களுக்கு இது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. போன கோடையில் எந்தச் சிகரம் ஏறினோம், காலில் போட்டிருப்பது என்ன காலணி, வீட்டருகே தினமும் எவ்வளவு ஓடுகிறோம் என்றெல்லாம் சொல்லத் தயாராக வந்திருப்பார்கள். அதையெல்லாம் அவள் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. ஏறுவதைப் பற்றித்தான் உலகமே பெருமை அடித்துக்கொள்கிறது. மலையில் மனிதர்கள் விழுவதென்னவோ இறங்கும்போது.

வாசலில் தேய்ந்துபோன கற்படிகள், ஒரு பக்கம் இரும்புக் கைப்பிடி, மறுபக்கம் சுவர், கீழே மாடுகள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டி. அவள் மேலே நின்று பார்ப்பாள். கால் எப்படி விழுகிறது, கண் எங்கே போகிறது, கை எதையாவது தேடுகிறதா. மேசைக்குத் திரும்பி வந்து, அவர்களுக்கு ஏற்ற பாதையின் நிறத்தைச் சொல்லிவிடுவாள். மஞ்சள் பலகை போட்ட பாதை யாருக்கும் ஆகும். வெள்ளைக்கு நடுவே சிவப்புக் கோடு என்றால் கால் திடமாக இருக்க வேண்டும். நீலக் கோடு, கயிறும் நெஞ்சுரமும் உள்ளவர்களுக்கு.

முகத்துக்கு நேராகச் சொல்வதுதான் அவள் வழக்கம். சூரிச்சிலிருந்து மகள்களோடு வந்த ஒருவர், தனக்கு மஞ்சள் என்று கேட்டதும் கொதித்துப்போய், நான் ராணுவத்தில் மலைப்படையில் இருந்தவன் என்றார். "அப்ப இருந்தீங்க" என்று மட்டும் சொல்லி, ஆற்றோரப் பாதையின் படத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். அந்த மனிதர் அடுத்த வருஷமும் வந்து அவளிடம்தான் கேட்டார். ஊரில் அவள் நாக்கைப் பற்றிப் பேச்சு உண்டு. ஆனால் அவள் அனுப்பிய யாரையும் இதுவரை தூக்குக்கட்டிலில் தூக்கிவந்ததில்லை, அதுவும் ஊருக்குத் தெரியும்.

அவள் பிறக்கும்போதே இப்படி இல்லை. தபால் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியதில் முழங்கால் போய், அலுவலகத்தில் உட்கார்ந்த புதிதில், ஊரார் சொல்வதையே அவளும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊர்க்காரர்களுக்கு ஒரு கணக்கு: ஏற்றம் இருந்தால் கஷ்டம், மட்டமாக இருந்தால் சுலபம். அந்தக் கணக்குப்படி ஸ்டால்மாட்டனிலேயே சுலபமான பாதை வாய்க்கால் பாதை. பனியாற்றிலிருந்து புல்வெளிகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும் அந்த வாய்க்கால் மலையின் இடுப்பைச் சுற்றி மட்டமாகவே வருகிறது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் செங்குத்தான பாறை. அங்கே வாய்க்கால் மரத்தொட்டிகளாகப் பாறையில் தொங்குகிறது, நடக்க ஒரு பலகை. பலகைக்கு அந்தப் பக்கம் காற்றுதான். ஊரில் பிறந்தவர்கள் அதில் கைக்குழந்தையோடு போவார்கள். கீழே பார்ப்பது என்ற ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

அந்தப் பாதையில்தான் லுட்வினா ஒரு பெல்ஜியக்காரப் பெண்மணியை அனுப்பினாள். மட்டமா இருக்கும், பேசிக்கிட்டே போகலாம் என்று சொல்லி அனுப்பினாள். அந்த அம்மாள் பாறையின் நடுவில் பலகைமேல் உட்கார்ந்துவிட்டாள். முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லை. தொட்டியின் விளிம்பைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். அவளைக் கூட்டிவந்தவன் லுட்வினாவின் கணவன் அல்பன். வாய்க்காலைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. அவன் அந்த அம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்தபடி, பலகையில் பின்பக்கமாகவே நடந்து வந்தான். வழி நெடுக தன் மாடுகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, எது எவ்வளவு பிடிவாதம் என்று கதை சொல்லிக்கொண்டே வந்தானாம். தரை வந்தபோது அந்த அம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். லுட்வினாவுக்குத்தான் அன்று முழுக்கச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரமே வாய்க்கால் பாதைக்குச் சிவப்புக் கோடு போடச் சொன்னாள். ஊர்மன்றத்தில் சிரித்தார்கள். மேசை மாதிரி மட்டமாக இருக்கிற பாதைக்குச் சிவப்பா என்றார்கள். பாதை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது கேள்வி இல்லை, ஒரு கால் தப்பினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி என்று அவள் விடாப்பிடியாக நின்றாள். கடைசியில் போட்டார்கள்.

அதற்குப் பிறகு எந்தப் பாதையையும் பிறர் வாய்ச்சொல்லை நம்பி அவள் யாருக்கும் சொன்னதில்லை. வயிற்றில் உருளைக்கிழங்கு மூட்டையைக் கட்டிக்கொண்டு கர்ப்பிணிகளின் நடையை நடந்து பார்த்தாள். பழைய கண்ணாடியில் வெண்ணெயைத் தடவிப் போட்டுக்கொண்டு, பார்வை மங்கியவர்களுக்கு எந்த வேர் தட்டும் என்று தடவித் தடவிப் போனாள். முதியோர் இல்லத்தில் சக்கர நாற்காலியை இரவல் வாங்கி, ஆற்றோரப் பாதையில் தள்ளிப் பார்த்தாள். வெறும் நாற்காலியைத் தள்ளி என்ன தெரியும்? அதில் உட்கார ஆள் வேண்டுமே. அல்பன் உட்கார்ந்தான். ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியும் வாயில் புகைக்குழாயுமாக, எதிரே வந்தவர்களுக்கெல்லாம் பிஷப் ஆசீர்வாதம் கொடுப்பதுபோல் கையைத் தூக்கியபடி போனான். ஊரே சிரித்தது. சக்கரம் சரளையில் மாட்டிய இடத்தையெல்லாம் அவன் உரக்கச் சொல்ல, அவள் அடையாளம் வைத்தாள். பெஞ்சுகளை எங்கெங்கே போடுவது என்பதும் அன்றைக்கு முடிவானதுதான். தள்ளுகிறவள் எங்கே மூச்சு வாங்குகிறாளோ அங்கே ஒன்று.

இதெல்லாம் நல்ல காலத்துச் சங்கதி.

போன டிசம்பரில் மாதா திருநாள் பூசை முடிந்து, லுட்வினா கோயில் வாசலில் யாரோடோ பேசிக்கொண்டு நின்றாள். ஜனங்கள் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் கறுப்புக் கோட்டு, எல்லோருக்கும் முதுகு. பேச்சு ஒரு பக்கம் இருக்க, அவள் கண் பழக்க தோஷத்தில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் இறங்கினான். முதல் படியில் கால் ஒட்டிக்கொண்டதுபோல் ஒரு கணம் நின்றது. பிறகு கை சுவரைத் தேடியது. மஞ்சள் என்று அவள் மனம் சொன்னது. அதன் பிறகுதான் அந்தத் தொப்பியைப் பார்த்தாள். அல்பனின் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி.

அன்றிலிருந்து அவளுக்கு வீடு வீடாக இல்லை. அவன் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தாள். சூப்பைக் கரண்டியில் எடுக்காமல் கோப்பையோடு தூக்கிக் குடிக்கத் தொடங்கியதைப் பார்த்தாள். நிலைப்படியில் அவன் கால் தயங்குவதைப் பார்த்து, கம்பளத்தைச் சுருட்டி மேலே பரணில் போட்டாள். பூச்சி அரித்துவிட்டது என்று ஒரு காரணமும் சொன்னாள். இடது காலணி இறுக்குகிறது என்று அவனும் ஒரு காரணம் சொன்னான். ஒருவர் காரணத்தை ஒருவர் கேட்டுக்கொண்டு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். குளிர்காலத்தில் வாய்க்கால் காய்ந்துகிடக்கும், யாரும் அங்கே போகவேண்டியதில்லை. அந்த ஒரு நிம்மதியில் அவள் நாளைக் கடத்தினாள்.

ஆனால் பனி உருகினால் ஊர்வேலை வரும். வீட்டுக்கு ஒருவர் வந்து, வாய்க்காலில் தங்கள் வீட்டுப் பங்கைத் தூர்வாரிச் செப்பனிட வேண்டும். எந்த வீட்டுக்கு எந்தப் பங்கு என்பது எந்தக் காலத்திலோ முடிவானது, யாரும் மாற்றிக்கொள்வதில்லை. அல்பன் வீட்டுப் பங்கு அந்தப் பாறை. பலகையிலிருந்து வெளியே குனிந்து, தொங்கும் தொட்டியின் அடியைத் தட்டிப் பார்த்து, உளுத்த மரத்தை மாற்ற வேண்டும். அவன் அப்பன் செய்தது, அவன் செய்வது. அதை இந்த வருஷமும் செய்யத்தான் போகிறான் என்பதில் அவனுக்குச் சந்தேகம் இருப்பதாகத் தெரியவில்லை. கோடரியைத் தீட்டி வைத்துவிட்டான்.

சொல்லிவிட வேண்டும் என்று தினமும் காலையில் நினைப்பாள். காப்பி ஆறும் வரை நினைப்பாள். முன்பின் தெரியாதவர்களிடம் தயங்காமல் சொல்கிற வார்த்தை, இவன் முன்னால் வாய்க்கு வரவில்லை. கடைசியில் அவள் செவரினிடம் போனாள். செவரின் வாய்க்கால் சங்கத்துத் தலைவன், அல்பனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். மாட்டுக் கொட்டிலில் பால் கறந்துகொண்டிருந்தவன், அவள் சொன்னதையெல்லாம் பசுவின் விலாவில் தலையைச் சாய்த்தபடியே கேட்டான்.

"அவன்கிட்ட நீயே சொல்லிடலாமே."

"என்னால முடியல, செவரின்."

"ஊருக்கெல்லாம் நீதானே சொல்ற."

"அவங்கெல்லாம் ஞாயித்துக்கிழமை பஸ் ஏறிப் போயிடுவாங்க. இவன் என்கூட உக்காந்து சாப்பிடணும்."

அவன் பசுவின் விலாவிலிருந்து தலையை எடுத்தான். பார்த்துக்கொள்கிறேன் என்றான். அவளும் எப்படிப் பார்த்துக்கொள்வாய் என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கேட்காமலே தெரிந்திருக்க வேண்டும்.

ஊர்வேலை அன்று காலையில், வாய்க்கால் குடிசைச் சுவரில் ஒரு பலகை மாட்டியிருக்கும். பலகையில் வரிசையாக ஆணிகள், ஓர் ஆணிக்கு ஒரு பங்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் விரல் நீளத்தில் ஒரு மரக்குச்சி உண்டு, அதில் அந்த வீட்டு அடையாளம் செதுக்கியிருக்கும். அல்பன் வீட்டுக் குச்சியில் ஏணி. தலைவன் குச்சிகளை ஆணிகளில் மாட்டிவைப்பான். வருகிறவர்கள் தங்கள் குச்சியைத் தொட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புவார்கள். பலகையின் கடைசி ஆணி சுத்தியலுக்கு. வாய்க்காலில் தண்ணீர் ஓடும்வரை ஒரு சின்னச் சக்கரம் சுற்றி, மரச்சுத்தியல் ஒன்று தட்டிக்கொண்டே இருக்கும். தட்டும்வரை ஊர் அதைக் கவனிப்பதில்லை. தட்டுவது நின்றால் எங்கோ உடைப்பு என்று எல்லோரும் ஓடுவார்கள். அந்தச் சக்கரத்துக்கு எண்ணெய் போடுவது உட்கார்ந்து செய்கிற வேலை. ஆள் இல்லாத வீடுகளின் குச்சியை அந்த ஆணியில் மாட்டுவது வழக்கம். கைம்பெண்கள், காலொடிந்து கிடப்பவர்கள். யாரும் அதைக் குறைவாகப் பேசுவதில்லை. பேசவேண்டியதும் இல்லை, ஆணியே சொல்லிவிடும்.

அல்பன் கோடரியைத் தோளில் வைத்துக்கொண்டு பலகை முன் வந்து நின்றான். லுட்வினா ரொட்டிக் கூடையோடு கொஞ்சம் தள்ளி நின்றாள். பாறை ஆணியில் செவரின் வீட்டுக் குச்சி தொங்கியது. அந்தப் பங்கைச் செவரின் தானே எடுத்துக்கொண்டிருந்தான். அல்பன் குழம்பிப்போய், பக்கத்து ஆணியைப் பார்த்தான். அதற்கடுத்ததைப் பார்த்தான். ஒவ்வோர் ஆணியாகப் பார்த்துக்கொண்டே போய், கடைசியாகச் சுத்தியல் ஆணியில் தன் வீட்டு ஏணியைக் கண்டுபிடித்தான். சிரித்தாலாவது பரவாயில்லை, ஒருத்தரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் திடீரென்று மண்வெட்டிப் பிடியைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. செவரின், சக்கரம் புதுசு, சத்தம் தெரிந்த ஆள் பார்த்தால்தான் சரிவரும் என்று வேண்டாத உரத்த குரலில் சொன்னான். சொல்வதற்கு முன் ஒருமுறை லுட்வினாவைத் திரும்பிப் பார்த்தான். அதை அல்பன் பார்த்துவிட்டான்.

அவன் கோடரியைச் சுவரில் சாய்த்துவிட்டு, எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு சுத்தியல் இருக்கும் இடத்துக்குப் போனான். பொழுது சாயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான். வேலை முடிந்து எல்லோரும் கூடி உருக்கிய பாலாடைக்கட்டியும் வெள்ளை ஒயினுமாகச் சாப்பிட்டபோது வந்து சாப்பிட்டான். பக்கத்தில் இருந்தவன் கேட்டதற்கு, சக்கரம் நல்லாத்தான் சுத்துது என்றான். வீட்டுக்கு வந்தும் சண்டை போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவளுக்கு முன்பே கிளம்பிப் போய்விட்டான்.

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் கைக்குழந்தையோடு ஒரு டச்சுக்காரத் தம்பதி நின்றிருந்தார்கள். லுட்வினா அவர்களுக்குக் காட்டுப் பாதையை விளக்கிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. அல்பன். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டும் தொப்பியும் போட்டிருந்தான். அவளைப் பார்க்காமல், சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து, தன் முறைக்குக் காத்திருந்தான். அவள் அந்தத் தம்பதிக்கு என்ன சொன்னாளோ, அவளுக்கே நினைவில்லை. அவர்கள் போனார்கள். அவன் எழுந்து மேசைக்கு எதிரே வந்து தொப்பியைக் கழற்றினான்.

"வணக்கம். எனக்கு ஏத்த மாதிரி ஒரு நடை சொல்லுங்க."

"வீட்டுல பேசலாம், அல்பன்."

"வீட்டுல நீங்க பேசல. இங்க வந்தா முகத்துக்கு நேரா சொல்வாங்கன்னு கேள்விப்பட்டேன்."

அவளுக்கு அழுகை முட்டியது. வெட்கமாகவும் இருந்தது, கோபமும் வந்தது. கதவைச் சாத்திவிட்டு அவன் கோட்டைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. அதற்கு அவன் வரவில்லை என்பதும் தெரிந்தது. மேசையைச் சுற்றி வந்து கதவைத் திறந்து பிடித்தாள்.

"இறங்கிக் காட்டுங்க."

அவன் படியின் தலைப்பில் நின்றான். இரும்புக் கைப்பிடியைப் பார்த்தான், தொடவில்லை. முதல் அடி வரவில்லை. கால் கல்லோடு ஒட்டிக்கொண்டதுபோல் வெகுநேரம் நின்றான். பிறகு ஒருக்களித்து இறங்கினான், ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து, சுவரைத் தடவிக்கொண்டு. கடைசிப் படியில் கால்கள் திடீரென்று குட்டிக் குட்டியாக அவசரப்பட்டு ஓட, தண்ணீர்த் தொட்டியில் போய் முட்டி, அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். தொட்டித் தண்ணீரில் கையை நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"என்ன கலரு?"

"மஞ்சள்" என்றாள் லுட்வினா.

"வாய்க்கால்?"

"வாய்க்கால் வேண்டாம். பாறை மட்டும் இல்ல, எந்தப் பக்கமும் வேண்டாம்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டான். மாதா திருநாளில் கோயில் படியில் பார்த்ததைச் சொன்னாள்.

"எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும்" என்றான். "இலை உதிர்ற காலத்துல, பாறையில, பலகை மேல. ரெண்டு தடவ கால் ஒட்டிக்கிச்சு."

"சொல்லவே இல்லையே."

"நீ சொல்வேன்னு காத்திருந்தேன். குளிர்காலம் பூரா. நானா நிறுத்த முடியல, லுட்வினா. நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா நின்னுருப்பேன். ஊர்வேலை அன்னிக்கு நானே குச்சியக் கழட்டி செவரின் கையில குடுத்துட்டு, எனக்கு இனிமே ஆகாதுடான்னு சொல்லியிருப்பேன்."

அவன் சொன்னது எல்லாமே சரி. அந்தக் குச்சியைக் கழற்றுகிற ஒரு வேலைதான் அவனுக்கு மிச்சம் இருந்தது, அதையும் அவள் அவன் கையிலிருந்து வாங்கி இன்னொருத்தனிடம் கொடுத்துவிட்டாள். அவன் விழுந்துவிடுவான் என்று பயந்தாள், அந்தப் பயம் பொய் இல்லை. அவன் முகத்தைப் பார்க்கவும் பயந்தாள், அதுவும் பொய் இல்லை. படியிறங்கிக் கீழே வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

"தப்புப் பண்ணிட்டேன்" என்றாள்.

"பண்ணிட்ட" என்றான் அவன். ஈரக் கையை உதறிவிட்டு, "சரி, நடையச் சொல்லு. கேக்கத்தானே வந்தேன்" என்றான்.

"ஆத்தோரப் பாதை. மட்டம், பக்கத்துல பள்ளம் இல்ல. பெஞ்சு நிறைய இருக்கு."

"தெரியும். நான்தானே உக்காந்து பாத்தேன்."

அந்த ஊரில் பிறந்து நரைத்தவன், ஆற்றோரப் பாதையில் அதுவரை ஒரே ஒருமுறைதான் போயிருக்கிறான். அதுவும் சக்கர நாற்காலியில், புகைக்குழாயும் ஆசீர்வாதமுமாக, ஊரைச் சிரிக்கவைத்தபடி. அது அவள் நினைவுக்கு வந்தது. அவனுக்கும் வந்திருக்க வேண்டும், ஆனால் அவன் சிரிக்கவில்லை. நானும் வருகிறேன் என்று அவள் சொன்னதற்கு வேண்டாம் என்றான். உள்ளே ஆள் வருவார்கள், போய் வேலையைப் பார் என்றான். தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

அலுவலக வாசலிலிருந்து ஆற்றோரப் பாதை முதல் வளைவுவரை தெரியும். அவள் படியில் நின்று பார்த்தாள். சமதரையில் அவன் நடை அவ்வளவு மோசமில்லை, தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. முதல் பெஞ்சு வந்தது. அவன் உட்காரவில்லை. அடுத்த பெஞ்சு வளைவுக்கு அப்பால் இருக்கிறது, அங்கிருந்து தெரியாது. அது எவ்வளவு தூரம் என்பது அவளுக்குத் தெரியும், அங்கே போடச் சொன்னவளே அவள்தான். அதிலாவது அவன் உட்காருவானா என்பதுதான் தெரியவில்லை.